பினாயில் அண்ணியும் கொழுந்தன் கொடுத்த டப்பாவும்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால், ஓர் அறை இருக்கிறது. அதற்கு இரண்டு ஜன்னல்கள். ஒன்று அழுக்கு ஜன்னல், இன்னொன்று சுத்த ஜன்னல். ஆபரேஷன் முடிந்த கத்தி, கத்தரி, கிண்ணம், தட்டு எல்லாம் அழுக்கு ஜன்னல் வழியாக உள்ளே வரும். வந்த கையோடு அவற்றை மருந்துத் தண்ணீரில் முக்குவார்கள். பிறகு தேய்த்து, துடைத்து, துணியில் கட்டி, நீராவிப் பெட்டிக்குள் வைத்து வாட்டியெடுத்து, சுத்த ஜன்னல் வழியாக வெளியே அனுப்புவார்கள். அந்த அறையில் வேலை பார்ப்பவளை ஆஸ்பத்திரி முழுக்க ‘ஸ்டீம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

பெரிய பெரிய டாக்டர்களும் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசவேண்டும். உள்ளே காலை வைத்தால் தொலைந்தார்கள். அழுக்கு ஜன்னலில் எது வந்தாலும் முதலில் முக்கு, பிறகு பேச்சு. இதுதான் அவளுடைய சட்டம். தலைக்கு மேல் கூரை இடிந்து விழுந்துகொண்டிருந்தாலும் அவள் கை முதலில் மருந்துத் தண்ணீர்க் கேனைத்தான் தேடும்.

இந்தச் சட்டம் வீட்டிலும் அமலில் இருந்ததுதான் வம்பு. வாசலில் ஒரு சோப்பு, கழிவறையில் ஒரு சோப்பு, சமையலறையில் இரண்டு. சந்தையிலிருந்து வாங்கிய கீரை, அவள் கழுவி முடிப்பதற்குள் பாதியாகிவிடும். கழிவறை வாசலில் ஒரு கேன் நிறைய மருந்துத் தண்ணீர் எப்போதும் கலந்து தயாராக நிற்கும். கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளுக்கு லென்ஸ் பொருத்தும் வேலை பார்க்கும் அவள் கணவர், பரம சாது. வேலை விட்டு வந்ததும் வாசலிலேயே நின்று, இரண்டு கைகளையும் கைதி மாதிரி நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். அவர் ஒரு தும்மல் போட்டால் போதும், இவள் மருந்துக்கடைக்குப் போய் மாத்திரைப் பட்டையோடு வந்துவிடுவாள். அவரும் வாயைத் திறந்து வாங்கிக்கொள்வார். சண்டை போடத் தெரியாத மனிதர்.

அவள் பிறவியிலேயே இப்படி இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிறந்த மறுநாளே காய்ச்சல். ரத்தத்தில் கிருமி என்றார்கள். பெயர் வைப்பதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. அழுது முடித்தபின் அவள் தேடிப் போய்ச் சேர்ந்த வேலைதான் இந்த நீராவி வேலை. கிருமி என்ற வார்த்தையைக் கேட்டாலே அவள் முகம், பழைய விரோதியின் பெயரைக் கேட்ட மாதிரி ஆகிவிடும். அவளை யார் குறை சொல்வது?

அந்த வீட்டில் இன்னொரு ஆளும் இருந்தான், கணவரின் தம்பி. தாயில்லாப் பிள்ளை. அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். தேய்த்துக் குளிப்பாட்டி, நகம் வெட்டி, வளர்த்து ஆளாக்கியது அவள்தான். ஆளானதும் அவன் செய்த முதல் காரியம், காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனதுதான். அங்கே லோடு வண்டி ஓட்டினான். மண்ணோடு பிடுங்கிய முள்ளங்கியைச் சட்டையில் துடைத்துக் கடித்துத் தின்பான். மாத்திரை என்றால் ஏழு தெரு தள்ளி ஓடுவான். சந்தையில் அவனுக்கு ‘மணிக்கூண்டு’ என்று பட்டப்பெயர். காலையில் அவன் கழிவறைக்குப் போவதைப் பார்த்துக் கடைக்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்களாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை. பிசகவே பிசகாது.

தனியாகப் போன பிறகும் விடுமுறை நாட்களில் அண்ணனைப் பார்க்க வருவான். ஒருமுறை அப்படி வந்தவன், ஜன்னலோரத்து மர நாற்காலியில் உட்கார்ந்து பேசிவிட்டு எழுந்து போனான். அவன் வாசலைத் தாண்டினானோ இல்லையோ, அவள் மருந்துத் தண்ணீரில் துணியை நனைத்து அந்த நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தாள். வண்டிச் சாவியை மறந்துவிட்டு எடுக்க வந்தவன் நிலைப்படியில் நின்று அதைப் பார்த்தான். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் வீட்டுக்குள் வரவில்லை. வந்தாலும் கேட்டுக்கு வெளியே வண்டியில் சாய்ந்துகொண்டு அண்ணனோடு பேசிவிட்டுப் போவான். அண்ணிக்கு அவன் வைத்திருந்த பெயர் ‘பினாயில் அண்ணி’. அது அவள் காதுக்கும் வந்துதான் இருந்தது.

இப்படி இருக்கும்போது கணவருக்குப் பல்வலி வந்தது.

வேரில் சீழ் கட்டியிருந்தது. பல் டாக்டர் மருந்து எழுதினார். “இன்னும் ஸ்ட்ராங்கா குடுங்க டாக்டர், எதுவும் மிச்சம் இருக்கக்கூடாது” என்று கேட்டு வாங்கியவள் இவள்தான். பல்வலி போயிற்று. வயிறு பிடித்துக்கொண்டது. முதலில் சாதாரண வயிற்றுப்போக்கு என்று நினைத்தார்கள். பிறகு காய்ச்சல் வந்தது, ரத்தம் போனது, மனிதர் எழுந்து நடக்க முடியாமல் போனார். இவளுடைய ஆஸ்பத்திரியிலேயே மூன்றாம் மாடியில் படுக்கவைத்தார்கள். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தேறுவார். நிறுத்தினால் முன்னைவிட மோசமாவார். இரண்டு தடவை இப்படி ஆனபிறகு, குடல் டாக்டரம்மா அவளை வராந்தாவுக்கு அழைத்தாள். சின்ன வயதுக்காரி, அழுக்கு ஜன்னலில் அடிக்கடி திட்டு வாங்குகிறவள்.

“அக்கா, நம்ம குடல்ல கோடிக்கணக்கான கிருமி குடியிருக்கு. முறைக்காதீங்க, பெரும்பாலும் நல்லதுங்கதான். தெருவுல எல்லா வீட்டுலயும் ஆள் இருந்தா திருடன் வரமாட்டான் இல்ல? அந்த மாதிரி. பல்லுக்குக் குடுத்த மருந்து, நல்லவன் கெட்டவன் பார்க்காம எல்லாரையும் காலி பண்ணிடுச்சு. இப்போ தெருவே காலி. திருடன் குடும்பத்தோட வந்து உட்கார்ந்துட்டான்.”

“அப்போ அவனைக் கொல்றதுக்கு இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க.”

“குடுத்துப் பார்த்தாச்சே! மருந்து போனா ஓட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிறான். நிறுத்தினா எழுந்து வரான். இனிமே கொல்றது மட்டும் போதாதுக்கா. தெருவுல நல்ல ஆளுங்களைக் குடி வைக்கணும்.”

“ஆளுங்களுக்கு எங்க போறது?”

டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நல்ல ஆரோக்கியமா இருக்கற ஒருத்தரோட மலத்துலேர்ந்து எடுக்கணும். உப்புத் தண்ணியில கலந்து, வடிகட்டி, குழாய் வழியா இவர் குடலுக்குள்ள விடுவோம். கேரண்டி குடுக்க மாட்டேன். ஆனா நிறைய பேர் பொழைச்சிருக்காங்க. இல்லேன்னா பெருங்குடலை வெட்டி எடுக்கணும். இவர் இருக்கற நிலைமையில...” என்று நிறுத்திக்கொண்டாள்.

ஸ்டீம் அக்கா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க எதை உலகத்திலிருந்து துடைத்துக்கொண்டிருந்தாளோ, அதைக் கொண்டுவந்து கணவரின் உடம்புக்குள் விடுவதா? ஆனால் அதைவிடப் பெரிய அடி வேறு இடத்தில் விழுந்திருந்தது. இத்தனை வருஷமாகத் தும்மலுக்கும் இருமலுக்கும் வாங்கிக் கொடுத்த மாத்திரைகள், கடைசியாகக் கெஞ்சிக் கேட்டு வாங்கிய ஸ்ட்ராங் மருந்து, எல்லாம் அவள் கையால் கொடுத்தவை. தெருவைக் காலி செய்தவள் தான்தான் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“நானே தரேன் டாக்டர்” என்றாள் மறுநாள். “என்னைவிடச் சுத்தமான ஆள் இந்த ஊர்லயே கிடையாது.”

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்களோடது வேண்டாம்கா. ஆஸ்பத்திரியில வேலை பார்க்கறவங்ககிட்ட எடுக்கமாட்டோம். மருந்துக்கு அடங்காத கிருமி ஏதாவது ஒட்டியிருக்கலாம். அதோட நீங்களும் போன மாசம்தானே மாத்திரை சாப்பிட்டீங்க? வீட்டுல வேற யாரு இருக்கா?”

வேறு யார் இருக்கிறார்கள்! ஒரே ஒருவன்தான்.

சொன்ன உடனே கொழுந்தன் வந்தான். ஊசியைக் கண்டு வெளிறினாலும் ரத்தம் கொடுத்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். எல்லாச் சோதனையும் முடிந்து, இவ்வளவு நல்ல குடலைப் பார்ப்பதே அபூர்வம் என்று டாக்டரம்மா சொன்னபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. “படிக்கிற காலத்துல இந்த மார்க்கு வாங்கியிருந்தா நானும் டாக்டர் ஆகியிருப்பேனே!” என்றான். வராந்தாவின் அந்தக் கோடியில் நின்ற அண்ணி சிரிக்கவில்லை. அவனும் அவள் பக்கம் பார்க்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. பழக்கமில்லாத கழிவறையில் மணிக்கூண்டு அடிக்காது. சந்தை அறையிலோ பொதுக் கழிவறை, தூரமும் அதிகம். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது அண்ணன் வீடுதான். அவன் வளர்ந்த வீடு. வேறு வழியில்லாமல், எத்தனையோ வருஷம் கழித்து, அவன் அந்த வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தான். சோப்பு போட்டுக் கை கழுவினான். நாற்காலிப் பக்கம் திரும்பாமல் நேராகக் கழிவறைக்குப் போனான். டாக்டரம்மா, ஒன்று கீழே விழுந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று, மூடி போட்ட இரண்டு டப்பாக்கள் கொடுத்திருந்தாள். “இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள வேணும். அதுக்கு மேல சர்ஜன் குடலை வெட்டாம காத்திருக்கமாட்டார்” என்று சொல்லியும் இருந்தாள்.

மணிக்கூண்டு தவறவில்லை. கழிவறைக் கதவு கொஞ்சமாகத் திறந்தது. இடுக்கு வழியாக ஒரு கை டப்பாவை நீட்டியது.

அழுக்கு ஜன்னல்!

அவள் ஒன்றும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் அந்தக் காரியத்தைச் செய்திருப்பாளா? கை தானாகவே டப்பாவை வாங்கியது, மூடியைத் திறந்தது, பக்கத்தில் இருந்த கேனைச் சாய்த்து மருந்துத் தண்ணீரை விளிம்பு வரைக்கும் ஊற்றியது. குளோரின் நெடி மூக்கில் ஏறிய பிறகுதான் தான் யார், எங்கே நிற்கிறோம், கையில் இருப்பது என்ன என்று அவளுக்கு உறைத்தது.

கொழுந்தன் வெளியே வந்து டப்பாவைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“என்ன அண்ணி பண்ணிட்டீங்க?”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “கொன்னுட்டேன்டா. எல்லாத்தையும் கொன்னுட்டேன். அவரையும் நான்தான்டா கொல்லப்போறேன்.”

அவன் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் திட்டவில்லை. அவளுடைய போனை எடுத்து டாக்டரம்மாவைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தான். அவள் நடந்ததை மறைக்காமல் சொன்னாள். டாக்டரம்மா, “இன்னொரு டப்பா இருக்கில்ல? சாயங்காலத்துக்குள்ள முடியுமான்னு பாருங்க. நான் ஆபரேஷன் தியேட்டரைப் பிடிச்சு வைக்கிறேன். அழாதீங்கக்கா” என்றாள்.

“ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் அண்ணி எனக்கு” என்றான் மணிக்கூண்டு, குற்றவாளி போல.

அன்றைக்கு அந்த வீட்டில் நடந்ததை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு சீப்பு வாழைப்பழம் தீர்ந்தது. சொம்பு சொம்பாக வெந்நீர் உள்ளே போனது. கொழுந்தன் கூடத்துக்கும் பின்கட்டுக்குமாக நடையாய் நடந்தான். மத்தியானம் போனது. வெயில் சாய ஆரம்பித்தபோது வயிற்றைத் தடவிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். வெளியே அண்ணி.

“அண்ணி, நீங்க வெளியே நின்னா எனக்கு வராது.”

“நான் நிக்கலைடா. உட்கார்ந்திருக்கேன்.”

“அதுவும் ஒண்ணுதான்.”

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தவள், முகம் தெரியாததால் வந்த தைரியத்தில் பேச ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு நாற்காலியைத் துடைச்சதை நீ பார்த்தே இல்ல?”

உள்ளே வாளி நகர்கிற சத்தம் கேட்டது.

“நீ பார்த்தேன்னு எனக்குத் தெரியும். ஓடி வந்து உன்னைக் கூப்பிட்டிருக்கணும். கூப்பிடலை. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கூப்பிடறது? அது உன்னாலன்னு இல்லைடா. ராஜா வந்து உட்கார்ந்துட்டுப் போனாலும் நான் துடைப்பேன். என் கை அப்படி ஆயிடுச்சு.”

“இல்ல அண்ணி. நீங்க ஏன் துடைச்சீங்கன்னு எனக்குத் தெரியும்.”

“என்ன தெரியும்?”

“பாப்பாவை நான் தூக்கினேன் இல்ல... பிறந்த அன்னிக்கு. பள்ளிக்கூடத்துலேர்ந்து ஓடி வந்து, கை கழுவாம தூக்கினேன். கையெல்லாம் மண்ணு. மறுநாள் காய்ச்சல் வந்துச்சு. யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கலை. ஆனா நீங்க அதுக்கப்புறம் என் கையைப் பிடிச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சுக் கழுவினீங்க அண்ணி. தினமும். அப்போவே தெரிஞ்சுக்கிட்டேன், உங்களுக்குத் தெரியும்னு. அதனாலதான் தனியா போனேன். எந்த முகத்தோட இந்த வீட்டுல இருக்கறது?”

அந்தச் சின்னக் கைகளை அப்படித் தேய்த்தாள்தான். மிச்சமிருக்கிற இந்த ஒரு பிள்ளையையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்றுதான் தேய்த்தாள். அவன் இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வளர்வான் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இவ்வளவு வருஷம்! கதவைப் பெயர்த்துவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

“டேய், கேளுடா. நல்லா கேளு. அது பிறக்கும்போதே வந்த தொத்து. என் உடம்புலேர்ந்து அதுக்குப் போயிருக்கு. டாக்டர் எங்ககிட்ட அன்னிக்கே சொல்லிட்டார். நீ தூக்கறதுக்கு முன்னாடியே இருந்துச்சுடா அது. சின்னப் பையன்கிட்ட இதையெல்லாம் எதுக்குச் சொல்றதுன்னு விட்டுட்டோம். உன் மேல எனக்கு ஒரு நாளும்... ஒரு நாளும் இல்லைடா. என் பொண்ணைத் தூக்கிக் கொஞ்சினது இந்த உலகத்துல மூணே பேர். அதுல நீ ஒருத்தன்.”

உள்ளே அவன் அழுதான். பெரிய மனிதன் அழுகிற அழுகை இல்லை, பள்ளிக்கூடப் பையன் அழுகிற அழுகை. இவளும் வெளியே அழுதாள். கதவு பாவம், இரண்டு பேரையும் தாங்கிக்கொண்டு நின்றது.

அழுகை ஓய்ந்து, மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. பிறகு அவசரமான ஒரு குரல்.

“அண்ணி! டப்பா எங்கே? சீக்கிரம்! அந்த டப்பாவைக் கொடுங்க!”

இந்த முறை கதவு இடுக்கில் டப்பா வந்தபோது, அவள் கேனைக் காலால் எட்டித் தள்ளிவிட்டாள். இரண்டு கையாலும் வாங்கி, மூடியை இறுக்கி, பைக்குள் வைத்தாள். இருவரும் மறக்காமல் சோப்பு போட்டுக் கை கழுவினார்கள். லோடு வண்டியின் முன் சீட்டில், வெங்காயத் தோலும் வைக்கோலும் காலடியில் கிடக்க, அவள் பையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிக்னலில் வண்டி குலுங்கியபோதெல்லாம், “பார்த்துடா, பார்த்து” என்றாள். பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு போகிறவன் மாதிரி அவனும் பார்த்துப் பார்த்தே ஓட்டினான்.

டாக்டரம்மா சாயங்காலமே வேலையை முடித்தாள். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காய்ச்சல் கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. அவள் நம்பவில்லை, தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அதற்கடுத்த நாட்களில் வயிறு அடங்கியது. ஒருநாள் காலையில் அவர் கண்ணைத் திறந்து, “ஏம்மா, பசிக்குதே” என்றார். அந்த வார்த்தையைக் கேட்க அவள் என்ன தவம் செய்தாளோ! வெட்கத்தைவிட்டு வார்டிலேயே அவர் கன்னத்தைத் தடவினாள். “தம்பியோட ஆளுங்க வேலையைக் காட்ட ஆரம்பிச்சுட்டாங்க போல. முள்ளங்கி வேணும் போல இருக்கு, மண்ணோட” என்றார் அந்தச் சாது மனிதர். சர்ஜன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி போய்விட்டார்.

அவள் கை கழுவுவதை விட்டுவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். வாசல் சோப்பு வாசலிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அழுக்கு ஜன்னலுக்குள் கால் வைத்த ஒரு டாக்டர் போன வாரம்கூட வாங்கிக்கட்டிக்கொண்டார். ஆனால் தும்மலுக்கு மாத்திரை கிடையாது. வெந்நீர்தான்.

கணவர் வீடு திரும்பிய பிறகு வந்த முதல் விடுமுறை நாளில் கொழுந்தன் வந்தான். கேட்டில் நிற்காமல் நேராக உள்ளே வந்து, அவள் சொல்லாமலே கையைக் கழுவி, கைதி மாதிரி நீட்டிக் காட்டினான். கட்டிலில் படுத்திருந்த அண்ணன் சிரித்தார். அவன் ஜன்னலோரத்து நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான்.

“உட்காருடா” என்றாள்.

உட்கார்ந்தான். சந்தைக் கதையெல்லாம் சொன்னான். அண்ணனும் தம்பியும், யார் வயிற்றுக்கு இப்போது யார் சொந்தக்காரன் என்று தகராறு செய்தார்கள். பிறகு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, “வரேன் அண்ணி” என்று எழுந்தான். நிலைப்படி வரைக்கும் போனவன் என்ன நினைத்தானோ, அங்கேயே நின்று திரும்பிப் பார்த்தான்.

அவள் கை பழக்கத்தில் துணியைத் தேடிப் போயிருந்தது. பாதி வழியில் அதை நிறுத்தினாள். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்து போய், அந்த நாற்காலியில், அவன் உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். சூடு இன்னும் ஆறவில்லை.

“அடுத்த வாரம் சீக்கிரமா வாடா” என்றாள். “சாப்பிட்டுட்டுப் போலாம்.”